கார்டு இல்லாத நோயாளி

நடந்தவை, வரிசையாக:

1. மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் எட்டுப் பேர் சேர்ந்து கல்லாற்றுக்குப் போனோம். முழங்கால் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் நின்றேன். இடது குதிகாலில் வெடிப்பு இருந்தது.
2. ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, காய்ச்சல் வந்தது.
3. என் அம்மா டாக்டர். சாப்பாட்டு மேசையருகே நெற்றியைத் தொட்டுப் பார்த்து வைரல் என்றாள். பாரசிட்டமால் தந்தாள்.
4. செவ்வாயும் புதனும் அதே மேசை, அதே மாத்திரை.
5. வியாழன் காலை கண்ணில் மஞ்சள். முந்தின மாலையிலிருந்து சிறுநீர் போகவில்லை.
6. பெரிய மருத்துவமனை. எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல்.
7. பதினாறு நாள் அங்கே இருந்தேன். அதில் ஐந்து நாள் ஐ.சி.யூ. இரண்டு முறை டயாலிசிஸ்.
8. என்னைச் சேர்த்த அன்றே அம்மா தன் கிளினிக்கை மூடி, 'டாக்டர் இல்லை' என்று பலகை மாட்டச் சொன்னாள்.
9. நான் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பலகை இறங்கவில்லை.

எண் போட்டு எழுதினால்தான் எனக்கு எதுவும் தெளிவாகும். ஐ.சி.யூ.வில் பேனா இல்லாததால் மனதுக்குள்ளேயே எண் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அலுவலகத்திலும் கல்லூரித் தோழிகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வீட்டிலேயே டாக்டரை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு முற்றவிட்டாய்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். வீட்டில் டாக்டர் இருந்ததால்தான் முற்றியது. அதுதான் சுருக்கமான பதில். மேலே உள்ள ஏழு வரிகள் என் உடம்பைப் பற்றியவை, அது தேறிக்கொண்டிருக்கிறது. எட்டும் ஒன்பதும்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தன.

அம்மாவின் கிளினிக் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள். வெளி அறையில் மூன்று பெஞ்சு, உள் அறையில் அம்மா. நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் படிக்க வந்து, இங்கேயே தங்கி, இருபத்தேழு வருடமாக அதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா அரசு அலுவலகக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வெளி அறையில் டோக்கன் கூப்பிடுகிறார். லிசி சிஸ்டர் என்று ஒரு நர்ஸ் பதினோரு வருடம் இருந்தார். எனக்குக் காய்ச்சல் வருவதற்கு இரண்டு வாரம் முன்புதான் அயர்லாந்துக்குப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இங்கே வேலை பார்த்ததாகச் சான்றிதழ் தருவீர்களா, வெளிநாட்டுக்கு அது செல்லுமா?" என்பதுதான். அதனால் ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, ஆவி பிடிக்க வைப்பது எல்லாம் அம்மாவே.

நான் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வார இறுதிகளில் உட்கார்ந்து அம்மாவின் கிளினிக்குக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். நோயாளிகள் கையில் வைத்திருக்கும் அட்டைக் கார்டுகளின் விவரங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போயின. அதில் நான் வைத்த விதிகள் மூன்று. கார்டு எண் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. ஒருமுறை பதிந்த தேதியை யாராலும் மாற்ற முடியாது. பதினொரு கேள்விகளுக்குப் பதில் நிரப்பாமல் டாக்டரின் குறிப்பு சேமிப்பில் ஏறாது. அந்தப் பதினொன்றில் ஏழாவது: கடந்த இரண்டு வாரத்தில் தண்ணீரில், சேற்றில் இறங்கினீர்களா? காலில் காயம் உண்டா?

அம்மாவுக்கு அந்தத் திரை பிடிக்கவில்லை. "நோயாளி மூஞ்சியப் பாக்கவா, இந்தப் பெட்டிக்குப் பதில் சொல்லவா?" என்பாள். கேள்விகளைக் குறைத்துத் தரச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். ஒவ்வொன்றும் எதற்கென்று விளக்கி, முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

பதினோராயிரத்துச் சொச்சம் கார்டுகள். அப்பாவுக்கும் எனக்கும் கார்டு கிடையாது. எங்களுக்கு அது ஒருபோதும் விசித்திரமாகத் தோன்றியதில்லை. டாக்டர் வீட்டில் யாரும் நோயாளி ஆவதில்லை. இருமினால் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரை வரும். அப்பாவின் ரத்த அழுத்தம், என் ஆறாம் வகுப்பு அம்மை, எல்லாம் போகிற போக்கில் பார்த்தவை. எதுவும் எழுதப்பட்டதில்லை.

திங்கட்கிழமை அம்மா மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது மணி மூன்று.

"என்ன மக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" கை கழுவின ஈரத்தோடு புறங்கையை என் நெற்றியில் வைத்தாள். "காயுது. ஊருக்கெல்லாம் இதுதான் இப்போ. வைரலாக்கும். ரெண்டு நாள் படு."

"காலு ரொம்பக் கடுக்குதும்மா."

"காய்ச்சல்னா கடுக்கத்தானே செய்யும்."

செவ்வாய்க்கிழமை அப்பா கேட்டார்: "டாக்டரே, பிள்ளைக்கு ஒரு ரத்தம் எடுத்துப் பாத்திரலாமா?" அம்மாவை அவர் கேலியாகவும் மரியாதையாகவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"வெளிய முப்பது பேரு இருக்காங்க. லிசியும் இல்ல. நாளைக்குப் பாப்போம், சும்மா பயங்காட்டாதீங்க."

புதன்கிழமை காலை, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ஏட்டி, அந்தப் போனையே பாத்துக்கிட்டுக் கிடக்காத. கண்ணு செவந்து கெடக்கு பாரு."

கெண்டைக்கால் வலி, சிவந்த கண். எலிப்பனிக்கு இந்த இரண்டும் கைகாட்டி மரம் மாதிரி. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, தோலில் உள்ள வெடிப்பு வழியாக நுழைகிற கிருமி. தமிழ்நாட்டில் எலிக்காய்ச்சல் என்பார்கள். மழைக்காலத்தில் இங்கே ஆட்டோ ஓட்டுநர்கூட அதைச் சொல்வார். முதல் நாட்களிலேயே கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே பலருக்குச் சரியாகிவிடும். விட்டால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். வீட்டுக்கு வந்த பிறகு நான் கிளினிக் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அதே புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு, ஒரு கட்டடத் தொழிலாளியின் கெண்டைக்காலை அம்மா அழுத்திப் பார்த்திருக்கிறாள். 'அழுத்தினால் வலி, கண் சிவப்பு, ஓடையில் இறங்கியிருக்கிறார்' என்று எழுதி, உடனே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த ஆள் நான்கே நாளில் வீட்டுக்குப் போய்விட்டார்.

வியாழன் காலை அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் என்னைவிடச் சின்னவர். கட்டிலில் என்னைப் படுக்க வைப்பதற்குள்ளேயே மலையாளத்தில் கேட்டார், கடந்த இரண்டு வாரத்துக்குள் தண்ணீரில் இறங்கினீர்களா என்று. முதல் கேள்வியே அதுதான்.

"ஆமா. கல்லாறு."

அம்மா என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். "எப்போ போன?"

"போன சனிக்கு முந்தின சனி."

"எங்கிட்டச் சொல்லலியே."

"நீ கேக்கலியேம்மா."

குத்திக்காட்ட நினைத்துச் சொன்னதல்ல. காய்ச்சலில் உண்மை மட்டும்தான் வாயில் வந்தது. ஆனால் அந்தப் பதினாறு நாளில் நான் பேசியதில் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்த இளம் டாக்டரின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் அதை எழுதி முடிக்கிற வரை. பிறகு வெளியே போய் அப்பாவிடம் கிளினிக்கில் பலகை மாட்டச் சொன்னாள்.

மருத்துவமனையில் முதலில் கற்றுக்கொள்வது காத்திருப்பது. ரத்தம் எடுக்க ஒரு நாற்காலி, ஸ்கேனுக்கு ஒரு நாற்காலி, முடிவுக்கு ஒரு நாற்காலி. எல்லா நாற்காலியும் ஒரே நீலம். இரண்டாவதாகக் கற்றுக்கொள்வது எண்கள். எனக்கு முக்கியமானது கிரியாட்டினின் என்கிற எண். தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் ஒழுங்காக இருந்தால் அதை வெளியே தள்ளிவிடும், ரத்தத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கும். எனக்கு வந்தபோது மூன்று புள்ளி ஒன்பது. மறுநாள் ஐந்து புள்ளி ஆறு. அதற்கு மறுநாள் ஆறைத் தாண்டியது. பரிசோதனை முடிவை ஆய்வகத்திலிருந்து டாக்டரின் திரைக்குக் கொண்டுபோகும் பகுதியைத்தான் நான் அலுவலகத்தில் எழுதுகிறேன். அளவு மீறினால் எண் சிவப்பாகும்படி செய்தது என் குழுதான். படுக்கையிலிருந்து பார்க்கும்போது அந்தச் சிவப்பு தேவைக்கு மேல் பளிச்சென்று இருக்கிறது. திரும்ப வேலைக்குப் போனதும் சொல்ல வேண்டும்.

டயாலிசிஸ் என்பது சிறுநீரகத்தின் வேலையை ஒரு இயந்திரம் எடுத்துச் செய்வது. எனக்குக் கழுத்துப் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாயில் ஒரு குழாய் வைத்தார்கள். மரக்க வைக்கும் ஊசி போட்டுவிட்டார்கள். வலி பெரிதாக இல்லை, அழுத்துவது மட்டும் தெரிந்தது. பீரோ உயரத்துக்கு ஓர் இயந்திரம் ரத்தத்தை வாங்கி, கழுவி, திருப்பிக் கொடுக்கும். நான்கு மணி நேரம். ரொம்பக் குளிரும். பயந்தேனா என்று கேட்கிறார்கள். பயப்படுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும். இரண்டாவது முறை முடிந்த பிறகுதான் அது வந்தது. வாழ்நாள் முழுக்க வாரம் மூன்று தடவை இப்படிப் படுக்க வேண்டுமோ என்று நினைத்தேன். நெஃப்ராலஜி டாக்டரிடம், அதாவது சிறுநீரக டாக்டரிடம், கேட்டேன். "எலிப்பனியில் அடிபட்ட சிறுநீரகம் பெரும்பாலும் திரும்பி வரும். எப்போது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில். அப்போது அது போதவில்லை.

ஐ.சி.யூ.வில் என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கு இருபத்து மூன்று வயது. சொட்டு மருந்தின் வேகத்தை எண்ணும்போது முணுமுணுப்பார்: "ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை." ஜெர்மன் தேர்வுக்குப் படிக்கிறாராம். அங்கே இருந்த ஆறு நர்ஸ்களில் நான்கு பேர் படிக்கிறார்கள். எப்போது போவீர்கள் என்று கேட்டேன். "பாஸானால் ஆறு மாசம், சேச்சி." ஒரே ஆள் நான்கு கட்டில்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார். அவர் போவது நியாயம் என்றும், போனால் இந்தக் கட்டில்களுக்கு யார் என்றும் ஒரே சமயத்தில் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் தூங்கிவிட்டேன்.

டாக்டர் என்பதால் அம்மா எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அதைப் பயன்படுத்தவில்லை. மற்ற உறவினர்களோடு வரிசையில் நின்று, பார்வையாளர் கவுன் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் கால்மாட்டில் நின்றுவிட்டுப் போனாள். கட்டிலில் தொங்கிய என் சார்ட்டை ஒரு தடவைகூடத் தொடவில்லை. முப்பது வருடமாக ஒரு தாளைக் கண்டால் எடுத்துப் படிக்கிற கை அது.

வெளியே நடந்ததை அப்பா பிறகு சொன்னார். கிளினிக் பலகையைப் பார்த்தவர்கள் விசாரித்துக்கொண்டு மருத்துவமனைக்கே வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் சுகுமாரன். எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஓட்டுகிறவர், கார்டு எண் இருநூற்றுப் பன்னிரண்டு, ரத்த அழுத்தம். காத்திருப்புக் கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்து நீல நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி நீட்டிவிட்டார். அவர் பேசியது மலையாளம். அப்பா சொன்னதைத் தருகிறேன்.

"டாக்டர் எங்கேயோ அங்கேதான் கிளினிக். பாருங்க."

"சுகுமாரா, நான் பாக்கல. வேற யாரையாவது பாரு."

"மாத்திரை தீர்ந்து மூணு நாளாச்சே."

"என் சொந்தப் பிள்ளையையே நான் பாக்கல. உன்ன என்னத்தப் பாக்க?"

சுகுமாரன் எழுந்து போய் ஒரு டீயோடு வந்தார். அதை அம்மா கையில் கொடுத்துவிட்டு, தன் ரத்தப் பரிசோதனைத் தாளை அவள் பைக்குள் செருகிவிட்டுப் போனார். மறுநாள் வேறு நான்கு பேர். காவலர் வந்து, "இது ஓ.பி. இல்லை, எழுந்திருங்க" என்று விரட்டினார். அவர்களும் தாள்களை வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா எதையும் பார்க்கவில்லை. தூக்கியும் போடவில்லை. பை கனத்துக்கொண்டே போனது.

வார்டுக்கு மாற்றிய பிறகு வீட்டுக்காரர்களின் வேலை சிறுநீரை அளப்பது. அளவுக் குவளையை அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கிளினிக் டோக்கன் நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதுவார். முதல் நாள் மொத்தம் நூற்றைம்பது மில்லி. அடுத்த நாள் நானூறு. மூன்றாம் நாள் மதியத்துக்குள்ளேயே அறுநூறு.

"முப்பது வருஷம் சர்க்கார் கணக்கு பாத்திருக்கேன்," என்றார். "கூட்டிப் பாத்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்ல." குவளையைக் கழுவப் போனவர் திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. வந்தபோது முகமும் கழுவியிருந்தார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு காப்பீட்டுப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தார். என் அலுவலகக் காப்பீடு. படிவத்தில் ஒரு கட்டம்: காய்ச்சல் தொடங்கிய நாளில் முதலில் பார்த்த டாக்டர் யார், அந்தச் சீட்டு எங்கே?

"சீட்டு இல்லை," என்றேன்.

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தார். "மேடம் டாக்டர்தானே? ஒரு ஓ.பி. சீட்டு எழுதித் தந்தால் மதி. தேதி போட்டு." மதி என்றால் போதும். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு நாற்பது படிவம் பார்க்கிறவர்.

என் மென்பொருளில் பழைய தேதி போட முடியாது. ஆனால் அம்மாவின் பையில் கையால் எழுதுகிற பழைய மருந்துச் சீட்டுக் கட்டு இருந்தது. அவள் அதை எடுத்தாள். என் பெயரை எழுதினாள். வயது இருபத்தொன்பது என்று எழுதினாள். திங்கட்கிழமைத் தேதியைப் போட்டாள். அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது இருபத்தேழு வருடப் பழக்கம்: நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், நெஞ்சு, வயிறு. பேனா அங்கே நின்றது.

"இதுல பரிசோதிச்சதால்லா எழுதணும்," என்றாள். தாளைக் கிழித்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "இல்லன்னு எழுதிக்கிடுங்க. யாரும் பாக்கலன்னு."

வீட்டுக்கு வந்த அன்று மாலை அம்மா அப்பாவிடம் ஒரு கடிதத்தை எடுத்துத் தரச் சொன்னாள். ஊரில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக் குழு ஒரு வருடமாக அவளைத் துரத்திக்கொண்டிருந்தது. கிளினிக்கைத் தங்கள் கிளையாக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் பலகை, அவர்கள் ஆய்வகம், அவர்கள் மருந்துக் கடை, அம்மாவுக்குச் சம்பளம். மாதம் இத்தனை ஸ்கேனுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது கடிதத்தில் இல்லை, கொண்டுவந்தவர் வாயால் சொன்னது. அம்மா அதைப் படித்துச் சிரித்துவிட்டு இழுப்பறையில் போட்டிருந்தாள்.

இப்போது சிரிக்கவில்லை. "பெரிய இடம்னா ரெண்டாவதா ஒரு டாக்டர் இருப்பாங்க. நான் விட்டத அவங்க பாப்பாங்க. தனியா இருந்தா விட்டது விட்டதுதான்."

எனக்கு அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அலுவலகத்தில் நான் எழுதும் ஒரு வரியைக்கூட இன்னொருவர் பார்க்காமல் வெளியே விடமாட்டார்கள். அம்மா நாளைக்கு எழுபது பேரைத் தனியாகப் பார்க்கிறாள், திரையில் என் பதினொரு கேள்விகளையும் நிரப்பிக்கொண்டு. சாப்பாட்டு மேசையில் மகளிடம் கேட்க அவளிடம் ஒரு கேள்வியும் மீதம் இருந்திருக்காது. நடந்த தவறில் அந்தப் பங்கு என்னுடையது.

கடிதம் மேசை மேல் கிடந்தது. மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம். கிளினிக் பலகையைத் தாண்டித்தான் அப்பா தினமும் பால் வாங்கப் போனார்.

மூன்று நாளுக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மருத்துவமனைக்குப் போய் வர அரை நாள். எனக்கோ குளித்துத் தலை துவட்டினாலே மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் காலை, அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, அப்பாவிடம் கிளினிக் சாவியை எடுக்கச் சொன்னேன்.

ஷட்டரைப் பாதிதான் தூக்கினோம். உள்ளே அடைத்துக் கிடந்த டெட்டால் வாசனை. நான் நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. முதுகுக்குச் சாய்மானம் இல்லை, காய்ச்சலோடு உட்கார முடியாத பெஞ்சு.

"எனக்கு ஒரு கார்டு போடுங்கப்பா."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்தார். "பேரு?"

"நித்யா."

"அப்பா பேரு?"

"நீங்கதான்."

"விளையாடாத. வரிசையாச் சொல்லு, பெட்டி கேக்குதுல்லா."

கார்டு அச்சாகி விழுந்தது. எண் பதினோராயிரத்து நானூற்று முப்பத்தெட்டு. அப்பா போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டார். "டாக்டரே, ஒரு பேஷண்ட் வந்திருக்கு. முதல் டோக்கன்."

மறுமுனையில் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. "சொல்லியாச்சு, மூடியாச்சுன்னு சொல்லியாச்சு," என்றார் அப்பா. "போவமாட்டேங்குது."

பத்து நிமிடத்தில் வந்தாள். நெற்றியில் சந்தனம் காயவில்லை. ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்து, பெஞ்சில் என்னைப் பார்த்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். நான் கார்டை நீட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"டோக்கன் ஒண்ணு," என்று அப்பா கூப்பிட்டார், அறையில் வேறு யாருமே இல்லாதபோது.

அம்மா உள்ளே போனாள். கை கழுவினாள். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்தாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நாக்கு. கழுத்தில் குழாய் இருந்த தழும்பு. அங்கே மட்டும் கொஞ்சம் அதிக நேரம். நெஞ்சு, வயிறு. இரண்டு கெண்டைக்காலையும் அழுத்தினாள். "வலிக்கா?" "இல்ல." ரத்த அழுத்தம் பார்த்தாள். ரத்தம் எடுத்தாள். திரைக்கு முன் உட்கார்ந்து பதினொரு கேள்விகளையும் கேட்டாள், ஒன்று விடாமல், அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்பது போல.

"ஏழாவது. காய்ச்சலுக்கு முந்தித் தண்ணியில இறங்கினியா?"

"ஆமா. கல்லாறு."

"காயம்?"

"இடது குதிகால். வெடிப்பு."

இரண்டு விரலால் தட்டினாள். குறிப்புப் பகுதிக்கு வந்ததும் நிறுத்தி நிறுத்தித் தட்டினாள். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டிப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், தமிழில் இப்படி வரும்: 'காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாள் வீட்டில். தாய் டாக்டர். பரிசோதிக்கவில்லை.' சேமி என்பதை அழுத்தினாள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்ததால் ஏற்றுக்கொண்டது.

"பதினொண்ணு கூடுதலாக்கும்," என்றாள். "கொறச்சுத் தா."

"எத்தன வேணும்?"

"நாலு. அந்தத் தண்ணிக் கேள்விய எடுத்திராத."

வெளியே பெஞ்சு கிரீச்சிட்டது. பாதி ஷட்டரைப் பார்த்துவிட்டு சுகுமாரன் குனிந்து நுழைந்திருந்தார். சட்டைக் கையை ஏற்கெனவே சுருட்டிவிட்டார். "ரண்டாம் டோக்கன் எனிக்கு," என்று அப்பாவிடம் அதட்டலாகச் சொல்வது கேட்டது.

அம்மா என் கையிலிருந்து அவிழ்த்த ரத்த அழுத்தப் பட்டை மேசையில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் திறந்து, மருத்துவமனையில் சேர்ந்த தாள்களை எடுத்து, அடியில் இருந்த சுகுமாரனுடையதைப் பிரித்தாள்.

"வரச் சொல்லுங்க."

இப்போதைய நிலை இது. கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. மாடிப்படி ஏறினால் இன்னும் உட்கார வேண்டியிருக்கிறது. வேலைக்கு அடுத்த மாதம்தான். காப்பீட்டுக்காரர்கள் இரண்டு தடவை விளக்கம் கேட்டுவிட்டு, கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். கிளினிக் காலையில் மட்டும் திறக்கிறது, முப்பது டோக்கன், அதற்கு மேல் இல்லை. முப்பத்தொன்றாவது ஆளை அப்பா திருப்பி அனுப்புவது எனக்கும் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நர்ஸ் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற ஒரு டாக்டர் வெள்ளிக்கிழமைகளில் வந்து, சந்தேகமான கேஸ்களை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். மருத்துவமனைக் குழுவின் கடிதம் திரும்ப இழுப்பறைக்குப் போயிருக்கிறது. கையெழுத்து இல்லை, கிழிக்கவும் இல்லை. கேள்விகள் நான்காகிவிட்டன. அப்பாவின் கார்டு பதினோராயிரத்து நானூற்று முப்பத்தொன்பது. அவருக்கு ரத்த அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்.

எனக்கு அடுத்த முறை வியாழக்கிழமை. டோக்கன் எடுக்க வேண்டும்.